பிளக் கையில் இருக்கிறது

பிளக் கையில்தான் இருக்கிறது. மூன்று பித்தளைக் கால்களும் புருஷன் கண்ணில் படும்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பூங்கோதை இன்னொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். இது இந்தப் பெட்டியின் பிளக்தானா, பக்கத்துப் பெட்டியுடையதா என்று திடீரென்று ஒரு சந்தேகம். வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள். தரையில் சுருண்டு, சைக்கிள் பம்பைத் தாண்டி, பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் நுழைகிறது. இதுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் கண் திரும்ப முதலிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் கார் நின்று வருஷங்களாகின்றன. காசு போட்டால் ஓடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள்தான் ஆள் உயரத்துக்கு, பீரோ பீரோவாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் பின்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவள் புருஷன் நாச்சிமுத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை பெட்டிக்குள். இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். வீட்டில் லுங்கியைத் தவிர வேறெதுவும் கட்டாத மனுஷன் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அந்தக் காப்பிக்கலர் பேன்ட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார், லுங்கியில் பாக்கெட் கிடையாது என்பதால். இரண்டு கையும் உள்ளே போனால் ஒரு கையில் ஏறிய கரண்டு நெஞ்சு வழியாக மறு கைக்கு இறங்குமாம். ஒன்றைப் பாக்கெட்டில் போட்டு வைத்தால் நெஞ்சுக்கு வராதாம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த நெஞ்சில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் படி ஏறுவதைப் பற்றிச் சொன்னார், உப்பைப் பற்றிச் சொன்னார், கோபப்படக் கூடாது என்றார். வீடியோ கேம் பெட்டியைப் பற்றி அவர் ஏன் சொல்லப் போகிறார்? காப்பிக்கலர் பேன்ட் கொடியில் காய்வதைப் பார்த்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிளக்கைத்தான் பிடுங்கியாயிற்றே, அப்புறம் என்ன பயம் என்று இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்த புதிதில் அவளே கேட்டிருக்கிறாள். கேட்காமலே இருந்திருக்கலாம். தெரியாமல் இருந்த வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினாள். பிக்சர் டியூப் என்பது பிடுங்கிய பிறகும் விடாதாம். உள்ளே வாங்கிய கரண்டைத் தேக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கறுத்துப்போய் உட்கார்ந்திருக்குமாம். அதன் முதுகில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. அதற்கடியில்தான் அது இருக்கிறது. மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை இறக்கியாக வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவர், அதன் கம்பியில் கட்டிய ஒரு வயர், வயரின் மறு முனையில் ஒரு கிளிப். கிளிப்பைப் பெட்டிக்குள் இருக்கும் இரும்பு ஃப்ரேமில் கடிக்க விட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை ரப்பர் மூடிக்கடியில் மெதுவாக நுழைத்தால் டப்பென்று ஒரு சத்தம் வரும். உள்ளே இருந்தது இரும்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இந்தப் பெட்டிகளைச் சேர்க்கிறவர்கள் பாஷையில் அதற்கு ‘பாப்’ என்று பெயர். பாப் வந்துவிட்டால் விரலை வைக்கலாம். அப்படிப் பெட்டி சேர்த்த குன்னூர் ரொசாரியோவுக்குப் பாப் வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தனியாக இருந்தார். மனைவி சர்ச்சிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவர் கீழே கிடந்தாராம், பக்கத்தில் நின்ற இன்னொரு பெட்டி மட்டும் ஆளில்லாமல் தானாகவே விளையாடிக்கொண்டிருந்ததாம். துக்கத்துக்குப் போயிருந்தபோது அந்த அம்மாள் அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கப்புறம்தான் இவர்கள் குழுவில் இந்தப் பழக்கம் வந்தது. தனியாக யாரும் டியூபில் கை வைக்கக் கூடாது. கூட ஒருத்தர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கால்கள் தெரிகிற மாதிரி, வேலை முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். பூங்கோதை நிற்கிறாள். அவளை மாதிரி கோயம்புத்தூரில் எத்தனை பொம்பளைகள் இந்த நேரத்தில் இப்படி நிற்கிறார்களோ தெரியாது.

ஆளில்லாமல் தானே ஆடுவதற்கு ‘அட்ராக்ட் மோட்’ என்று பெயர். வருகிறவர்களை இழுப்பதற்காக, யாரோ ஆடுவது மாதிரி பெட்டியே காட்டிக்கொண்டிருக்கும். பூங்கோதை அதற்கு ‘அழைப்பாட்டம்’ என்று வைத்தாள். குழுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அடுத்த மாதம் இந்தப் பெட்டிகளை வைத்து ஒரு கூடம் திறக்கிறார்கள், சுவரில் ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் ஒரு அட்டை வேண்டும், டீச்சரக்கா இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒரே படம் வருஷக்கணக்கில் ஓடி, அணைத்த பிறகும் கண்ணாடியில் அதன் நிழல் நிற்பது ‘எரிதடம்’. ஒரே ஆட்டத்துக்கென்று செய்த பெட்டி ‘பிறவிப் பெட்டி’, குடலை உருவி வேறு ஆட்டத்தை வைத்தது ‘மாற்றுப் பெட்டி’. இவர்கள் பேசுவதைக் கேட்டால் ஏதோ சம்பந்தம் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்போம். பிறவிப் பெட்டி என்றால் குரலில் ஒரு மரியாதை, மாற்றுப் பெட்டி என்றால் ஒரு இளக்காரம். பிரிக்காமலே கிடங்கில் கிழடு தட்டிப்போன உதிரிப் பாகம் ‘பழம்புதுசு’. ‘கடைசியாப் போட்டப்ப ஓடுச்சு’ என்றால் ஓடாது என்று அர்த்தம், அதற்கு அவள் அட்டை எழுதவில்லை. ஒரு சில சர்க்யூட் போர்டுகளில் ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்த அன்றைக்கு உள்ளே இருந்த ஆட்டமும் அழிந்துபோகும், திரும்ப வராது. அதற்கு இவர்கள் சர்வ சாதாரணமாகத் தற்கொலை பேட்டரி என்பார்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொல்வார்கள். அந்த அட்டையை மட்டும் அவளால் எழுத முடியவில்லை. பிள்ளைகள் வருகிற கூடம் என்று காரணம் சொன்னாள். உண்மைக் காரணம் அதுவல்ல. அந்தப் பேட்டரி எப்போது தீரும் என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்று அவர் ஒரு நாள் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினாரோ என்னவோ. அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றிலும் இவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு, ‘ரீபெயின்ட்’. அவள் ‘மறுபூச்சு’ என்று எழுதி வைத்திருக்கிறாள், அசல் பூச்சின் மேல் புதிதாக அடித்தது. திருப்பூரில் ஒருவர் ஆசை ஆசையாகத் தன் பெட்டியைக் காட்டினார். இவர் பக்கவாட்டுப் படத்தைத் தடவிக்கொண்டே இருந்தவர், ‘லேசா ரீபெயின்ட் பண்ணியிருக்குங்க’ என்று அந்த ஆள் சொன்னதும் சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார். கொண்டுவந்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

குக்கர். அடுப்பில் குக்கர் இருக்கிறது. பருப்புக்கு வைத்துவிட்டு, ‘ஒரு நிமிஷம் வா கோதை’ என்று கூப்பிட்டார் என்று வந்தவள். அடுப்பைக் குறைத்தேனா? குறைத்த மாதிரியும் இருக்கிறது, கை குமிழைத் திருப்பின ஞாபகமும் இருக்கிறது, ஆனால் அந்த ஞாபகம் நேற்றையதாகவும் இருக்கலாம். விசில் வரும். சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. விசில் வந்தால் அவர் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் கை பதறும், கை பதறினால் டியூபின் கழுத்து. அதற்குக் கழுத்து என்றுதான் பெயர், மெல்லிசான கண்ணாடி வால். குழுவில் இருக்கும் போத்தனூர் ஷாஜகானுக்கு அப்படித்தான் ஆனது. கை உள்ளே இருக்கும்போது அவர் வீட்டம்மா வாசலில் நின்று, ‘ஏனுங்க, சிலிண்டர் வந்திருக்குது’ என்றாள். அவ்வளவுதான். மனுஷன் துள்ளினதில் கழுத்து ஒடிந்து, எங்கே தேடியும் கிடைக்காத டியூப் போயிற்று. டியூப் போனதோடு போனதே என்று பூங்கோதை நினைத்தாள். குழுவில் எல்லாரும் டியூபுக்குத்தான் துக்கம் விசாரித்தார்கள். அன்றிலிருந்து இன்னொரு சட்டம், கை உள்ளே இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது. நாச்சிமுத்து அதை அவளிடம் தனியாக வேறு சொன்னார். ‘என்ன நடந்தாலும் நீ மட்டும் ஏனுங்கன்னு கூப்பிடாத. வேற யாரு கூப்பிட்டாலும் எனக்குத் தூக்கிப் போடாது. நீ கூப்பிட்டா போடும்.’ எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவள் நெடுநாள் யோசித்தாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய எல்லாமே ஏனுங்கவில்தான் தொடங்கியிருக்கிறது. ஏனுங்க, பால் வாங்கிட்டு வாங்க. ஏனுங்க, அப்பாவுக்கு முடியலையாம். ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா? அந்த வார்த்தை இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று அவளுக்குப் பழக்கமே இல்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். பிளக்கின் விளிம்புகள் உள்ளங்கையில் அழுந்துகின்றன. கொஞ்சம் தளர்த்தினாள், உடனே திரும்ப இறுக்கிக்கொண்டாள்.

“போடறேன்” என்றார் அவர், உள்ளே பார்த்தபடியே.

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவர் ரப்பருக்கடியில் நுழைவது அவள் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிறது. இப்போது வரும். இப்போது. ஒவ்வொரு தடவையும் வரப்போகிறது என்று தெரிந்தே நின்றாலும், வரும்போது அவளுக்குத் தூக்கிவாரிப் போடும், அப்புறம் சரி இன்றைக்குப் பிழைத்தோம் என்று தோன்றும். வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ கொய்யா மரத்தில் அணில் கத்துகிறது. இந்த வாசனை வேறு. வந்ததிலிருந்து மூக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. பெட்டி கொஞ்ச நேரம் ஓடிச் சூடாகியிருக்கிறது அல்லவா, படம் ஓரத்தில் சுருங்குகிறது என்று காட்டுவதற்காகக் காப்பி குடித்த கையோடு போட்டுவிட்டார், அந்தச் சூட்டில் புதுப் பெயின்ட் வாசனை கிளம்புகிறது. கண்டுபிடித்துவிடுவாரோ? அவருக்கு மூக்கு எப்போதும் அடைப்பு. இடது கண்ணில் புரை வேறு, ஆபரேஷனுக்குத் தேதி கேட்டால் கூடம் திறக்கட்டும் என்கிறார். அதனால்தான் இதுவரைக்கும் தெரியவில்லை. தெரியும்போது என்ன சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை அவர் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவள் ஷெட்டைக் கூட்ட வந்தவள். இந்தப் பெட்டியின் பின்கதவு திறந்து கிடந்தது, உள்ளே துரு உதிர்ந்து கொட்டியிருந்தது. இத்தனை வருஷம் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாளே தவிர, எந்தப் பெட்டியிலும் அவள் கைபட்ட வேலை என்று ஒன்றும் கிடையாது. வெளியே தொட்டால் கத்துவார். உள்ளே, யார் கண்ணிலும் படாத இரும்பில் என்ன கேடு? கேட்டுக்கு அடித்ததில் மீந்த கறுப்பு இனாமல் டப்பாவில் இருந்தது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, டியூப் பக்கம் கை போகாமல் எட்டின மட்டும் ஒரு கோட், காய்ந்ததும் இன்னொரு கோட். நன்றாகவே வந்தது. பாட்டு ஒன்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். அவர் ஒரு நாள் தற்செயலாகப் பார்த்து, ‘அட, துருவ யாரு சரி பண்ணுனது?’ என்று கேட்கிற மாதிரி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தும் வைத்திருந்தாள்.

“பாப் வரல” என்றார். “தானாவே எறங்கிருச்சாட்ட இருக்குது. இந்த மானிட்டர் சிலது அப்படித்தான். எதுக்கும் இன்னொருக்காப் போட்டுப் பாத்தர்றேன்.”

அவளிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்கிறார். இறங்கிவிட்டதென்றால் நல்லதுதானே. ஆமாம், அதற்கென்று ஒரு மானிட்டர் உண்டு, அவரே சொல்லியிருக்கிறார், அணைத்த கொஞ்ச நேரத்தில் தன்னாலேயே வடிந்துவிடும், பாப்பே வராது. ஆனால் இந்தப் பெட்டிக்குப் போன தடவை வந்ததே? அப்போதும் அவள்தான் நின்றாள், சத்தத்தில் பிளக்கைக் கீழே போட்டுவிட்டாள், அதற்குத் திட்டு வாங்கினாள். அது இந்தப் பெட்டியா, அந்த ஓரத்துப் பெட்டியா? எல்லாம் பின்பக்கத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருந்து தொலைக்கின்றன. அப்போதுதான் குக்கர் விசில் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று மனசு அலறியது. திறந்து பார்த்தால் அவர் அப்படியே இருக்கிறார். முதுகுகூட அசையவில்லை. வேறு எது கத்தினாலும் எனக்குத் தூக்கிப் போடாது என்று சொன்னது நிஜம்தான். அவளுக்கு அழுகை வந்த மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. விசில் அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை, குக்கர்தான் பயமாக இருந்தது, அது முடிந்துவிட்டது. முடிந்துவிட்டதென்றால் இன்னும் ஏன் நிம்மதி வரவில்லை? ஸ்க்ரூடிரைவர் இரண்டாம் தடவை உள்ளே போயிற்று. சத்தம் இல்லை. பெயின்ட் வாசனை. கிளிப் ஃப்ரேமைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, சின்னப் பற்கள், ஃப்ரேம் கறுப்பாகப் பளபளக்கிறது, அவள் அடித்த கறுப்பு. போன ஆடியில் மோட்டார் ரூமில் எர்த் வயர் மாட்டினாரே. பம்ப் கம்பெனியிலேயே ஆயுசைக் கழித்தவர், மோட்டாரின் மேல் இருந்த பச்சைப் பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டோ சுரண்டென்று சுரண்டினார். நல்லா இருக்கற பெயின்ட்ட எதுக்குங்க சுரண்டறீங்க என்று கேட்டாள். ‘பெயின்ட் இருந்தா எர்த் புடிக்காது கோதை’ என்றார். எர்த் பிடிக்காது. பெயின்ட் இருந்தால் பிடிக்காது. கிளிப் கடித்துக்கொண்டிருப்பது இரும்பை அல்ல.

இறங்கவில்லை. உள்ளேயேதான் இருக்கிறது. அவர் ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்து முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். லுங்கியில் துடைப்பது மாதிரி விரல்களைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். வெறும் விரல். அது பெட்டிக்குள் போகிறது. அவளுடைய நாக்கில் ‘ஏ’ என்று எழுந்தேவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். கூப்பிட்டால் தூக்கிப் போடும், அவளே கூப்பிட்டால் கட்டாயம் போடும், விரல் மூடிக்கு அத்தனை பக்கத்தில் இருக்கிறது, துள்ளுகிற கை எங்கே போய் இடிக்கும்? கழுத்தில் இடிக்கும், இல்லாவிட்டால் மூடியிலேயே இடிக்கும். ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தால்? தொட்டாலும் துள்ளுவார். சும்மா நின்றால்? ரொசாரியோ வீட்டு அம்மாள் சோபாவில் உட்கார்ந்து அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது காதில் கேட்டது. ஆளே இல்ல சிஸ்டர், அது பாட்டுக்கு ஆடிக்கிட்டிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை வேண்டும். துள்ளாமல் நிறுத்துகிற வார்த்தை. ஆயிரம் பிள்ளைகளுக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தேன், எனக்கு ஒன்று அகப்பட மாட்டேன் என்கிறதே. நில்லுங்க, அது கத்தலாகத்தான் வரும். வேண்டாம், அதுவும் கத்தல். மறுபூச்சு என்று உள்ளே ஒன்று ஓடியது, மறுபூச்சு என்றால் அவருக்கு என்ன தெரியும், சுவரில் தொங்கப்போகிற அட்டை அது. திருப்பூரில் அந்தக் கை. தானாக, தயங்கி, அருவருத்து, பின்னால் வந்த அந்தக் கை. குழுவில் யாராவது விற்பனைக்குப் போட்டதை அவருக்கு வாசித்துக்காட்டுவாளே, ஈஸிசேரில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க, ஏற்ற இறக்கமில்லாமல், பாதித் தூக்கத்தில். அந்தக் குரலைத் தேடி எடுத்தாள்.

“ஃப்ரேம் ரீபெயின்ட்” என்றாள்.

விரல் நின்றது. துள்ளவில்லை, பதறவில்லை, அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை மெல்ல, ஒரு விருப்பமின்மையோடு, பின்னால் வந்தது. பெட்டிக்கு வெளியே வந்துவிட்டது. முழுசாக வந்துவிட்டது. மணிக்கட்டு, விரல்கள், மோதிரம், எல்லாம் வெளியே.

“எந்த ஃப்ரேம்?” என்றார். குரலில் நிஜமாகவே எரிச்சல்.

“இதுதானுங்க. கிளிப்புப் போட்டிருக்கறது. நான்தான் அடிச்சேன். நீங்க பொள்ளாச்சிக்குப் போயிருந்தப்ப.”

“எதுக்கு அடிச்ச?”

“துருவா இருந்துச்சு.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் கிளிப்புக்குப் போயிற்று. நல்ல கண் இருக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்து, கிளிப்பையும் அது கடித்திருக்கிற கறுப்பையும் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. முகத்தில் இருந்த எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போவதை அவள் பார்த்தாள். அதற்குப் பதிலாக அங்கே வந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும், காலையிலிருந்து அவள் வயிற்றில் இருந்தது அதுதான். முக்காலியில் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பாக்கெட்டுக்குள் இருந்த இடது கையை அவர் வெளியே எடுக்கவில்லை.

அப்புறம் பேனாக்கத்தியை எடுத்து ஒரு கையாலேயே ஃப்ரேமைச் சுரண்டினார். அவள் அடித்த கறுப்பு சுருள் சுருளாக விழுந்தது. அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அங்கே கிளிப்பை மாட்டி, இழுத்துப் பார்த்து, திரும்ப ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். “போடறேன்” என்றார். இந்தத் தடவை அவளைப் பார்த்துச் சொன்னார். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிற்று. டப். நீலமாக ஏதோ ஒன்று கண்ணில் பட்டுப் போயிற்று. கடுகு வெடிக்கிற அளவுக்குத்தான் சத்தம். இவ்வளவுதானா? இவ்வளவு சின்னச் சத்தத்துக்குள்ளேயா அவர் போயிருப்பார்? வழக்கப்படி இன்னொரு தரமும் போட வேண்டும். போட்டார். சத்தம் வரவில்லை. இது பயப்பட வேண்டாத மௌனம், எல்லாம் இறங்கிவிட்டதால் வருகிற மௌனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காதுக்கு அது முந்தின மௌனம் மாதிரியேதான் இருந்தது. ஒரு இம்மி வித்தியாசம்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அணில் கத்துகிறது. பெயின்ட் மணக்கிறது. வெறும் விரல் மூடியை நோக்கிப் போகிறது. கண்ணை மூடக் கூடாது என்று வைராக்கியமாக நின்றாள். விரல் ரப்பரைத் தொட்டது, அழுத்தியது, ஓரத்தைத் தூக்கியது. உள்ளேயிருந்த கொக்கி விடுபட்டு மூடி அவர் கையோடு வந்தது. கையை வெளியே எடுத்து, அதை அவளுக்குக் காட்டினார்.

பூங்கோதை பிளக்கைக் கீழே வைக்கப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. மறு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். உள்ளங்கையில் பிளக்கின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

“ஏனுங்க” என்றாள்.

“ம்” என்றார் அவர்.

கை வெளியே இருக்கிறது, இனி எத்தனை தரம் வேண்டுமானாலும் கூப்பிடலாம். சமையலறையில் குக்கர் இன்னொரு தரம் அடித்தது. அவள் நகரவில்லை.

“ஏனுங்க” என்று திரும்பவும் கூப்பிட்டாள்.

“ம். சொல்லு.”